எந்த நெல், எந்த நுளம்பு, எந்தக் கலம்?

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களிடம் இந்தப் போகம் என்ன விதைத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும். "முன்னூற்றைம்பத்திரண்டு" என்பார் ஒருவர். "ஏ.ரி. முன்னூற்று அறுபத்திரண்டு" என்பார் அடுத்த வயல்காரர். எண்ணுக்கு முன்னால் பி.ஜி. என்றால் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டையில் பிறந்தது. எண்ணுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 250 இல் தொடங்கும் வரிசை இரண்டரை மாத நெல், 300 இல் தொடங்குவது மூன்று மாதம், 350 இல் தொடங்குவது மூன்றரை, 400 என்றால் நாலு, 450 என்றால் நாலரை. சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் இவ்வளவு தண்ணீர்தான் நிற்கிறது, இத்தனை ஏக்கருக்குத்தான் விடலாம் என்று பேசும்போது இந்த எண்ணே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும்.

நெல்லுக்கு எண் ஏன் வந்தது? எங்கள் பழைய நெல்லுக்கெல்லாம் அழகான பெயர்கள் இருந்தனவே: மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், முருங்கைக்காயன். சிக்கல் என்னவென்றால், ஒரு பெயரின் கீழ் ஒரே நெல் இருக்கவில்லை. ஓர் ஊர்ப் பச்சைப்பெருமாளும் அடுத்த ஊர்ப் பச்சைப்பெருமாளும் உறவினர்தான், ஆனால் ஒன்றல்ல. ஒரே வயலுக்குள்ளேயே சற்று உயர்ந்தது, சற்று முந்திக் கதிர் தள்ளுவது, நோய் தாங்குவது, தாங்காதது என்று பலதும் கலந்து நிற்கும். விவசாயத் திணைக்களத்தார் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அந்தக் கலவையிலிருந்து தனிச் செடிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் சந்ததியை மட்டும் பிரித்துப் பெருக்கினார்கள். பிரித்ததற்கு எண் கொடுத்தார்கள். பச்சைப்பெருமாள் 2462/11 என்பது அப்படி வந்தது. முருங்கைக்காயன் 302 அப்படித்தான். 1950களில் ஹெக்டர் வீரரத்ன பத்தலகொடையில் எச்-4 என்ற புகழ்பெற்ற நெல்லை உருவாக்கியபோது, இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லோடு அவர் சேர்த்தது ஏதோ ஒரு முருங்கைக்காயனை அல்ல. 302 ஆம் முருங்கைக்காயனை. அந்த எண் இருப்பதால்தான் எச்-4 இன் பெற்றோர் யார் என்று இன்றைக்கும் எவரும் தயங்காமல் சொல்ல முடிகிறது.

இதே கதை பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸ் நகரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்குள்ள விதை வங்கியில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் உறங்குகின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு விதைப் பொதிக்கும் ஒரு சேர்க்கை எண். நெற்பயிரை வட்ட வட்டமாகக் காயவைக்கும் கபில நிறத் தத்தியைத் தாங்கும் நெல்லைத் தேடியபோது, ஆய்வாளர்களின் கையில் முதலில் அகப்பட்டவற்றில் இரண்டு நமக்கு அண்மையானவை. ஒன்று, தமிழ்நாட்டு அம்பாசமுத்திரத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏ.எஸ்.டி. 7. மற்றையது, இலங்கையின் ரத்து ஹீனட்டி. தத்தியை எதிர்க்கும் மரபணுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ரத்து ஹீனட்டி என்று மட்டும் எழுதி விடுவதில்லை. சேர்க்கை எண் 11730 என்று கூடவே எழுதுவார்கள். ஏ.எஸ்.டி. 7 என்றால் 6303. ஏனென்றால் விதை வங்கியில் ரத்து ஹீனட்டி என்ற பெயரோடு வேறு பொதிகளும் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி எந்தப் பொதியில் கண்டறியப்பட்டதோ அந்தப் பொதியைக் கேட்டு வாங்கினால்தான் இன்னொருவர் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய முடியும். பெயரை மட்டும் நம்பி வேறு பொதியில் பரிசோதித்து, எனக்கு அப்படி வரவில்லையே என்று ஒருவர் எழுதினால், அது முதல் ஆய்வின் பிழையா, இரண்டாவதன் பிழையா, இருவரும் சரியாகச் செய்து நெல்தான் வேறா என்று தீர்க்க வழியே இல்லாமல் போகும்.

நெல்லில் பெயர் தடுமாறினால் ஒரு போகம் கெடலாம். மருத்துவ ஆராய்ச்சியில் பெயர் தடுமாறினால் என்ன நடக்கும்? அதற்கு வன்னிக்காரர் நன்கு அறிந்த ஒரு நோயையே எடுத்துக்கொள்வோம்.

மலேரியா இந்த நாட்டை ஆட்டிப் படைத்த நோய். 1934, 35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.ரி. அடித்து அடித்து, 1963 இல் முழு நாட்டிலும் பதினேழு பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்தது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அறுபதுகளின் இறுதியில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கில் அது எவ்வளவு சாதாரண நோயாக இருந்தது என்பதைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடுவயதைத் தாண்டிய எவரும் சொல்வார். குளோரோகுயின் குளிசையின் கசப்பை அந்தத் தலைமுறையின் நாக்கு மறக்காது.

இலங்கையில் இந்த நோயைப் பரப்பும் முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். மழை குறைந்து ஆறு அறுந்து ஓடும் காலத்தில், படுகையில் அங்கங்கே தேங்கும் தெளிந்த குட்டைகளில் முட்டையிடும். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றைப் போன்ற பருவகால ஆறுகள் நிறைந்த உலர் வலயம் இந்த நுளம்புக்கு வாய்ப்பான இடம். எந்த நுளம்பு, எங்கே வளர்கிறது என்று தெரியும். ஆனாலும் ஒரு புதிர் நெடுநாள் தீராமல் கிடந்தது.

கியூலிசிபேசிஸ் என்பது ஒரே இனம் அல்ல என்று இந்தியாவில் 1980களிலிருந்தே தெரிய வந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தமக்குள் கலக்காத சகோதர இனங்கள். ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் பிரித்தார்கள். இவற்றில் பி இனம் மாட்டின் இரத்தத்தையே நாடுவது. மலேரியா பரப்புவதில் அவ்வளவு வல்லமை இல்லாதது. இலங்கை நுளம்புகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்தவர்கள், இங்கே இருப்பது பி இனம்தான் என்று 1990களில் சொன்னார்கள். அப்படியானால் இந்தியாவில் சாதுவாக இருக்கும் நுளம்பு பாக்குநீரிணையைத் தாண்டியதும் எப்படி இவ்வளவு பெரிய கொலைகாரி ஆனது?

விடை இராமேசுவரத்தில் கிடைத்தது. அந்தத் தீவில் மலேரியா பரப்பிக்கொண்டிருந்த கியூலிசிபேசிஸ், பி போலவே தோன்றும் வேறோர் இனம் என்று இந்திய ஆய்வாளர்கள் 1999 இல் அறிவித்தார்கள். அதற்கு ஈ என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி, மந்திரி இராமசாமி ஆகியோர் அடங்கிய குழு, இலங்கையிலும் பி, ஈ இரண்டும் இருக்கின்றன என்று காட்டியது. நோயைப் பரப்பும் வல்லமை ஈ இனத்திடம்தான் அதிகம். புதிர் அவிழ்ந்தது.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிறகு, கால், புள்ளி எதிலும் வேறுபாடு இல்லை. மற்ற சகோதர இனங்களைப் பிரிக்க உதவும் பெரிய நிறமூர்த்தங்களின் வரிகளும் பி, ஈ இரண்டிலும் ஒரே மாதிரி. வேறுபாடு இருந்தது ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தில். ஒன்றில் அதன் இடுக்கு ஓரத்தோடு இருக்கும். மற்றதில் இரண்டு கைகள் தெரியும்படி சற்று உள்ளே தள்ளி இருக்கும். ஆனால் மாட்டுத் தொழுவத்திலும் வீட்டிலும் பிடிபடுபவை பெண் நுளம்புகள். அவற்றுக்கு வை நிறமூர்த்தம் கிடையாது. ஆகவே பிடித்த ஒவ்வொரு பெண்ணையும் தனித் தனியே வைத்து, முட்டையிட விட்டு, குடம்பிகளை வளர்த்து, அவற்றில் ஆண்களைத் தெரிந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றின் நிறமூர்த்தத்தைப் பரப்பிப் பார்க்க வேண்டும். மகனைப் பார்த்துத் தாயின் இனத்தை அறிவது. பின்னாளில் டி.என்.ஏ. முறைகள் வந்து வேலையை இலகுவாக்கின. முதல் முடிவு இந்தப் பொறுமையால் வந்தது.

இனி, அதற்கு முந்திய ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். இந்த மருந்துக்குக் கியூலிசிபேசிஸ் சாகவில்லை, இந்த நேரத்தில் கடிக்கிறது, இப்படிப்பட்ட நீரில் முட்டையிடுகிறது என்று எத்தனையோ அவதானிப்புகள். எல்லாம் கவனமாகச் செய்யப்பட்டவை. ஆனால் அவை பி பற்றியவையா, ஈ பற்றியவையா, இரண்டும் கலந்த கூட்டம் பற்றியவையா? நுளம்புகளை ஊசியில் குத்தி, பிடித்த இடமும் நாளும் எழுதி, பதிவிலக்கம் இட்டு யாரேனும் எங்கேனும் வைத்திருந்தால், இன்று அவற்றின் ஒரு காலை எடுத்து டி.என்.ஏ. பார்த்துப் பழைய கட்டுரைக்குப் புதிய பொருள் காண முடியும். வைத்திருக்காவிட்டால் அந்த உழைப்பில் பாதி காற்றோடு போனதுதான். பெயர்கள் மாறும், மாறவும் வேண்டும், அறிவு வளர்வது அப்படித்தான். பெயர் மாறும்போது பொருளைத் திரும்பத் தொட ஒரு பிடி வேண்டும். எண் தருவது அந்தப் பிடியை.

உலகத்து மருத்துவ ஆய்வுகூடங்களில் இந்தச் சிக்கல் இதைவிட மோசமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. 1951 இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஹென்ரியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து, அவரிடம் கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் ஓயாமல் பெருகின. ஹீலா என்று பெயரிட்டு உலகெங்கும் பகிர்ந்தார்கள். போலியோத் தடுப்பூசி முதல் புற்றுநோய் மருந்துகள் வரை அந்தக் கலங்களுக்குக் கடன்பட்டவை. ஆனால் ஹீலா அளவுக்கு வேகமாகப் பெருகும் கலம் ஒரு துளி தெறித்து அடுத்த பாத்திரத்தில் விழுந்தாலும், சில வாரங்களில் அங்கிருந்ததை அழித்துத் தானே நிறைந்துவிடும். பாத்திரத்தின் மேல் ஒட்டிய பெயர் மட்டும் பழையதாகவே இருக்கும். 1966 இல் ஸ்ரான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பதினெட்டுக் கலவரிசைகள் ஒரே நொதி வடிவத்தைக் காட்டுகின்றன என்று ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அவை உண்மையில் ஹீலாதான் என்பது அவருடைய முடிவு. கேட்டவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. தாங்கள் ஆண்டுக்கணக்காகக் கல்லீரல் என்றும் குடல் என்றும் ஆராய்ந்தது கருப்பைக் கழுத்துப் புற்றையா என்ற கேள்வியை யார்தான் விரும்புவார்?

சாங் ஈரல் கலம் என்று பெயர் பெற்றது ஈரல் அல்ல, ஹீலா. மார்பகப் புற்று எவ்வாறு பரவுகிறது என்று அறிய நெடுங்காலம் பயன்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற கலவரிசை உண்மையில் மெலனோமா என்ற தோற்புற்றிலிருந்து வந்தது. இப்படிப் பெயர் பிசகியவை ஐந்நூறுக்கு மேல் ஒரு சர்வதேசப் பட்டியலில் இருக்கின்றன. 2017 இல் இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, பிசகிய கலங்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் 32,755 என்று வந்தது. அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவை எத்தனை மடங்கு என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஒரு மார்பகப் புற்று நோயாளிக்கு மருந்து தேடும் பணமும் நேரமும் வேறு நோயின் கலத்தில் செலவழிந்தது என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒட்டிய பெயரை நம்பினார்கள், அவ்வளவுதான்.

கலங்களைப் போலவே இன்னொரு பெருந்தொல்லை பிறபொருளெதிரிகள். நம் உடல் கிருமியைப் பிடிக்க உண்டாக்கும் புரதங்களையே ஆய்வுகூடங்கள் கருவியாக்கிக்கொண்டன. மூளையின் ஒரு துண்டில் குறிப்பிட்ட ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று அறிய, அதை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஊற்றி, அது ஒட்டிய இடத்தை நிறமேற்றிப் பார்ப்பார்கள். ஒரே புரதத்துக்கு முயலில் செய்தது, எலியில் செய்தது, ஆட்டில் செய்தது என்று பத்துக் கம்பனிகள் நூறு வகை விற்கும். சில துல்லியமாகப் பிடிக்கும். சில அடுத்த புரதத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆனால் கட்டுரையில் இன்ன புரதத்துக்கான பிறபொருளெதிரி, இன்ன கம்பனி என்று மட்டும் இருக்கும். அந்தக் கம்பனி அதே பெயரில் இருபது வைத்திருந்தால்? நிக்கோல் வசிலெவ்ஸ்கியும் மெலிசா ஹெண்டலும் கூட்டாளிகளும் 2013 இல் மருத்துவ இதழ்களின் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் சொல்லப்பட்ட கலம், எலி, பிறபொருளெதிரி முதலியவை எவை என்று ஐயமின்றிக் கண்டுகொள்ள முடிகிறதா என்று தேடினார்கள். நூற்றுக்கு 54 பொருட்களைக் கண்டுகொள்ள முடியவில்லை. பாதிக்கு மேல்! பெரிய இதழ், சிறிய இதழ் என்ற வேறுபாடும் பெரிதாக இல்லை.

அடுத்த ஆண்டு, 2014 இல், அனிற்றா பன்ட்ரோவ்ஸ்கி, மேரியன் மார்ட்டோன் முதலியோர் இதழாசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். அதன் பெயர்ச் சுருக்கம் ஆர்.ஆர்.ஐ.டி. தமிழில் ஆய்வு வள அடையாள எண் என்று வைத்துக்கொள்ளலாம். செய்வது இவ்வளவுதான்: ஆய்வில் பயன்பட்ட ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு பதிவேட்டில் ஒரே ஓர் எண், கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பெயருக்கு அருகே அந்த எண். ஹீலா என்றால் சி.வி.சி.எல்_0030. ஆய்வுகூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் கறுத்த எலி வகைக்கு, ஜக்சன் ஆய்வுகூட இருப்பு எண்ணோடு சேர்ந்து, ஜே.ஏ.எக்ஸ்:000664. நுணுக்குக்காட்டிப் படங்களை அளக்கும் இமேஜ்ஜே என்ற மென்பொருளுக்கு எஸ்.சி.ஆர்_003070. கலங்களின் பதிவேடு சுவிற்சர்லாந்தில் அமோஸ் பைரோக் தொகுத்த செலோசோரஸ். அங்கே ஒரு கலத்தைத் தேடினால், யாரிடமிருந்து வந்தது, வேறு என்ன பெயர்களில் உலவுகிறது, பிசகியதா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். பிசகியது என்றால் எச்சரிக்கை கண்ணில் படும்படி நிற்கும்.

இந்த எண்களைப் பார்த்தால் எந்தப் பொருளும் விளங்காது. 0030 என்பதில் கருப்பைக் கழுத்தும் இல்லை, 1951 உம் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஏன் என்பது நம் பழைய அடையாள அட்டையை வைத்திருப்பவர்களுக்கு எளிதில் புரியும். அதில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதனோடு ஐந்நூறு கூட்டுவது. அழகான ஏற்பாடு. ஆனால் இரண்டாயிரமாம் ஆண்டு வந்ததும் 1915 இல் பிறந்தவரும் 2015 இல் பிறந்தவரும் ஒரே இரண்டு இலக்கத்தில் வந்து நின்றார்கள். கடைசியில் 2016 இல் முழு ஆண்டையும் எழுதும் பன்னிரண்டு இலக்கத்துக்கு மாற வேண்டியதாயிற்று. எண்ணுக்குள் பொருளை வைத்தால், பொருள் மாறும்போது எண்ணும் உடையும். எம்.டி.ஏ.-எம்.பி.-435 இன் எண்ணுக்குள் மார்பகம் என்று எழுதி வைத்திருந்தால், இன்று அந்த எண்ணே ஒரு பொய்யாக நின்றிருக்கும். பொருளற்ற எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. எண் அப்படியே இருக்க, அதன் பின்னால் உள்ள பதிவேட்டில் உண்மையைத் திருத்திக்கொள்ளலாம். வயல்காரருக்கு 352 இல் மூன்றரை மாதம் தெரிய வேண்டும், அது அவருடைய தேவை. நூறாண்டு கழித்து ஒரு கட்டுரையைத் திறப்பவருக்கு எதுவும் சொல்லாத எண்ணே நம்பத் தக்கது.

நிலைத்திருத்தல் என்பதற்கும் இங்கே ஒரு குறிப்பான அர்த்தம் உண்டு. கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கிவிடும், விற்பனை எண் மாறிவிடும், பொருளை விற்பதையே நிறுத்திவிடுவார்கள். அடையாள எண்ணை மட்டும் எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். இப்போது கிடைப்பதில்லை என்ற குறிப்போடு பதிவு அங்கேயே கிடக்கும். ஒரே பொருளுக்குத் தவறுதலாக இரண்டு எண் விழுந்திருந்தால் ஒன்றை மற்றதோடு இணைத்து, பழைய எண்ணைத் தேடி வருபவரைப் புதியதிடம் அனுப்புவார்கள். கட்டுரைகளுக்கு 2000 ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் டி.ஓ.ஐ. எண்ணும் இதே கொள்கையில் நிற்பது. இணையத்தில் பக்கம் இடம் மாறினாலும் எண் மாறாது, வழி மட்டும் திருப்பிவிடப்படும். உலக உணவு, விவசாய நிறுவனத்தின் பயிர் மரபுவள உடன்படிக்கையின் கீழ் விதை வங்கிப் பொதிகளுக்கும் இப்போது டி.ஓ.ஐ. கொடுக்கிறார்கள். நெல்லும் மருத்துவமும் இந்த இடத்தில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. கணினி இதில் செய்வது சிறிய வேலை. பெரிய வேலை, பதிவேட்டை மூடாமல் காப்பதற்கு ஆட்களும் பணமும் தொடர்ந்து கிடைப்பது. எண் என்பது ஒரு நிறுவனம் கொடுக்கும் வாக்கு.

இதனால் பலன் உண்டா? 2019 இல் வெளிவந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாகப் பேசப்படும் கலவரிசைகளில் 8.6 வீதம் பிசகிய பட்டியலில் இருந்தன. அடையாள எண் எழுதிய கட்டுரைகளில் அது 3.3 வீதம். எண்ணைத் தேடப் பதிவேட்டுக்குப் போனவர் அங்கே எச்சரிக்கையைக் கண்டு திருந்தியிருக்கலாம். அல்லது எண் எழுதும் கவனமுள்ளவர் முதலிலேயே நல்ல கலத்தைத் தெரிந்திருக்கலாம். எப்படியானாலும் அந்தப் பழக்கம் உள்ள இடத்தில் பிழை குறைவு. மோசமான பிறபொருளெதிரியை எண் நல்லதாக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அது மோசம் என்று ஒருவர் கண்டுபிடித்தால், அதைப் பயன்படுத்திய எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தேடலில் எடுத்துப் பார்க்க உதவும். முன்பு அது நடக்காத காரியம்.

ஆட்களுக்கும் இதே வகை எண் வந்துவிட்டது, தமிழருக்கு அது மிகவும் வேண்டியது. எங்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். ஆங்கில இதழ்கள் ஒரு கட்டுரையில் தகப்பன் பெயரைக் கடைசியில் போடும், இன்னொன்றில் தன் பெயரைப் போடும், கலியாணத்துக்குப் பிறகு பெண்களின் பெயர் மூன்றாவது வடிவம் எடுக்கும். க. சிவகுமார் என்று எத்தனை பேர்! ஒருவரின் இருபதாண்டு உழைப்பு நாலு பெயர்களில் சிதறிக் கிடப்பதும், நாலு பேரின் உழைப்பு ஒரே பெயரில் குவிவதும் எங்கள் பல்கலைக்கழகங்களில் புதிதல்ல. 2012 இல் தொடங்கிய ஓர்கிட் என்ற பதினாறு இலக்க எண் இதைத் தீர்க்கிறது. அதன் கடைசி இலக்கம் முந்திய பதினைந்திலிருந்து கணக்கிட்டுப் போடப்படுவது. எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால் கணினி உடனே கண்டுகொள்ளும். ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் முதல் கட்டுரைக்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரணைமடுச் சந்திக்கு அண்மையில், ஏ9 வீதியை ஒட்டிய அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. இந்த மண்ணின் நெல், மண், நீர், பூச்சி, நோய் பற்றி இங்கேயே படிக்கும் பிள்ளைகள் ஆய்வேடு எழுதுகிறார்கள். இடம்பெயர்வில் எவ்வளவு இழந்த பிரதேசம் இது என்று அறிந்தவர்களுக்கு அது சிறிய காரியமல்ல. நான் ஆசைப்படுவது, அவர்கள் சேர்ப்பவை இனித் தொலையக் கூடாது என்பது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்து வருகிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு; துண்டுப் பிரசுரத்துக்கும் உண்டு. அந்த ஒழுங்கு எங்கள் ஆய்வுகூட அலுமாரிகளுக்கும் குளிர்பெட்டிகளுக்கும் வர வேண்டும்.

ஏன் இப்போதே என்றால், கதை முடியவில்லை. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்பதால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் சூட்டோடு சூடாக மன்னாரில் அதுவரை இலங்கையில் காணாத ஒரு நுளம்பு பிடிபட்டது: அனோபிலிஸ் ஸ்ரெபென்சி. ஆற்றுக் குட்டையைத் தேடாமல், கிணறு, தொட்டி, தண்ணீர்த் தாங்கி என்று நகரத்தின் நீரிலேயே பெருகுவது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இதற்குள்ளும் மூன்று வடிவங்கள் உண்டு, முட்டையின் இரு புறமும் உள்ள மிதவைகளில் எத்தனை வரி என்று எண்ணிப் பிரிப்பார்கள். இந்த முறை ஆய்வாளர்கள் வடிவத்தோடு நிற்கவில்லை. டி.என்.ஏ. வரிசையை வாசித்து, ஜென்பாங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கை எண்ணோடு வைத்தார்கள். ஆகவே தமிழ்நாட்டிலோ எதியோப்பியாவிலோ பிடிபட்ட ஸ்ரெபென்சியின் வரிசையை எவரும் எடுத்து வட இலங்கையின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்து, இது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கலாம். நாளை இந்த இனத்தையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துப் பெயர் மாற்றினாலும், மன்னாரில் கிடைத்தது எது என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பதிவுக்குப் பணம் கேட்பதில்லை. ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி கூடும். நெல் என்றால் இனத்தின் பெயர், விதை எடுத்த இடம், சேர்க்கை எண். நுளம்பு என்றால் பிடித்த கிராமம், நாள், மாதிரி வைத்திருக்கும் பெட்டியின் பதிவிலக்கம், ஜென்பாங்க் எண். கலமோ பிறபொருளெதிரியோ மென்பொருளோ என்றால் அதன் ஆர்.ஆர்.ஐ.டி. பதிவேட்டில் இல்லாத பொருள் என்றால் எழுதுகிறவரே விண்ணப்பித்து அதற்கு ஓர் எண் பெற்றுக்கொடுக்கலாம். அடுத்து அதைப் பயன்படுத்துகிறவர் எந்த நாட்டவரானாலும் அந்த எண்ணையே எழுதுவார்.